தெரியாதவள் போல...

மழை யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது?

லியோண்டின் கடையை விட்டு இறங்கும்போது வானம் சும்மாதான் இருந்தது. தெற்கே போகும் டிராமில் ஏறிக் கம்பியைப் பிடித்ததும் கொட்ட ஆரம்பித்துவிட்டது. வண்டிக்குள் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை. சிகாகோவில் வேலை முடிந்தவர்கள் எல்லோரும் இந்த ஒரே வண்டியில் ஏறிவிட்டார்களோ என்று நினைத்தாள்.

வண்டி ஒரு திருப்பத்தில் குலுங்கியது. நீளமான கறுப்புப் பெட்டி ஒன்று அவள் தலையில் இடித்தது. மணியைக் கவிழ்த்ததுபோல நெற்றிவரை இறங்கும் புதுத் தொப்பி... ஆசை ஆசையாய் வாங்கியது... எகிறிப்போய் ஈரத் தரையில் விழுந்தது. யாரோ ஒருவரின் பூட்ஸ் அதன்மேல் ஏறி நின்றது.

"கண்ணு எங்க இருக்கு?" என்று திரும்பினாள்.

உயரமான இளைஞன். கன்னங்கரிய முகத்தில் மழைநீர் வழிந்தது. அவளைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே சுருங்கினான். பார்வை தரைக்குப் போய்விட்டது.

"மன்னிச்சிடுங்க மேடம். வேணும்னு செய்யல மேடம்."

அவளுக்குச் சுருக்கென்றது. வெள்ளைக்காரப் பெண் என்று நினைத்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை. அவள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். வெளுத்த தோல், தேன் நிறக் கண்கள், நேரான மூக்கு. பிறந்த ஊரான லூசியானாவில் அவள் கறுப்பர் வீட்டுப் பெண் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே சொன்னால்தான் தெரியும்.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் அவனை முறைத்தார். அவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். அந்தக் குனிந்த தலையைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

"அவ்வளவு குனியாதீங்க," என்றாள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "நானும் நம்ம ஆளுங்க இருக்கற முப்பத்தஞ்சாம் தெருவுலதான் இறங்கணும். எங்கம்மா உங்களைவிடக் கொஞ்சம்தான் வெளுப்பு."

கண்கள் மெதுவாக மேலே வந்தன. அப்பப்பா... எத்தனை பெரிய கண்கள். முதலில் சந்தேகம், பிறகு வியப்பு, கடைசியில் ஒரு சிரிப்பு...

"அப்போ நான் போட்ட மேடமெல்லாம் வீணா?"

"திருப்பி எடுத்துக்கோங்க. தொப்பிக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போங்க. பெட்டிக்குள்ள என்ன, பொணமா?"

"டிராம்போன், ஊதற வாத்தியம். மத்தவன் வாசிச்சா பொணம்தான். நான் வாசிச்சா எழுந்து ஆடும்."

"பெருமை பெட்டியைவிட நீளமா இருக்கே..."

"தொப்பி போனது நல்லதுதான்," என்றான் அவன், மிதிபட்டதை எடுத்துத் தட்டியபடி. "இவ்வளவு அழகா வெட்டின முடியை யாராவது மூடி வைப்பாங்களா?"

கை தானாகப் பின்கழுத்துக்குப் போயிற்று. அவள் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு வந்த அன்று அம்மா சாவு வீடுபோல அழுதிருந்தாள். 'உலகச் சண்டை முடிஞ்சதும் முடிஞ்சுது, பொண்ணுங்களுக்கெல்லாம் கிறுக்குப் பிடிச்சுடுச்சு' என்று ஒரு வாரம் முணுமுணுத்தாள். இவனோ அழகு என்கிறான்...

அவன் பெயர் ஆம்ப்ரோஸ் டகிள். அலபாமாவிலிருந்து வந்தவன். ஊமைப் படங்களுக்குத் திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசிக்கும் குழுவில் இருக்கிறான். இதெல்லாம் முப்பத்தைந்தாம் தெரு வருவதற்குள் தெரிந்துவிட்டது. இறங்கியபோது மழை விட்டிருந்தது. விடாமல் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளுக்காகவே வாரம் நகர்ந்தது. தேவாலயம் முடிந்ததும் அம்மாவிடம் தோழி வீடு என்று சொல்லிவிட்டு, அவள் மாலைக் காட்சிக்கு முன்னால் அவனோடு நடப்பாள். அந்த வருஷங்களில் அந்தத் தெருவில் சும்மா நடப்பதே ஒரு கொண்டாட்டம். தெற்கிலிருந்து ரயில் ரயிலாக வந்து இறங்கியவர்கள், கையில் முதல் சம்பளத்தோடு, முழங்கால் தெரியும் பாவாடைகளும் தவணையில் வாங்கிய கிராமபோன்களுமாக நிமிர்ந்து திரிந்த காலம். ஜன்னலுக்கு ஜன்னல் பாட்டு. வயதானவர்கள் முகம் சுளித்தார்கள். இளையவர்கள் அதற்கும் தாளம் போட்டார்கள்.

"நீங்க நீங்கன்னு கூப்பிடாதே. எனக்கு வயசானமாதிரி இருக்கு," என்றான் ஒருநாள்.

"சரி. நீ."

"இன்னொரு தடவை சொல்லேன்."

"நீ... நீ... போதுமா? தெருவுல எல்லாரும் பாக்கறாங்க."

"பார்க்கட்டும். ஆமா, நீ எங்க வேலை செய்யறே? கேட்கணும்னு நினைச்சு மறந்துபோறேன்."

"நகருக்குள்ள... ஹார்ட்விக் கடையில. தையல் அறை. பின்பக்கம்."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது. ஹார்ட்விக் கடையின் பின்பக்கத்தில் கறுப்பர்கள் இருந்தார்கள். தைத்தார்கள், துடைத்தார்கள், மூட்டை தூக்கினார்கள். லியோண்டின் இருந்தது முன்பக்கத்தில், கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே, கையுறைப் பிரிவில். வேலை கேட்டுப் போன அன்று மேற்பார்வையாளர் வெண்ட் அவள் குடும்பப் பெயரைப் படித்துவிட்டு, "மெட்டோயர்... பிரெஞ்சுக்காரங்களா?" என்றார். அவள் சும்மா நின்றாள். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குத்தான் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

அம்மாதான் விதி வகுத்தாள். "அந்தப் பக்கம் நான் வந்தா, நீ என்னைப் பார்க்காதே. நானும் உன்னைப் பார்க்க மாட்டேன். புரியுதா? யாரோ ஒருத்தி போறா, அவ்வளவுதான்." சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பிப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். ஒரே தட்டை வெகுநேரம் கழுவினாள்.

ஒருமுறை அப்படி நடந்தும் இருக்கிறது. கடை வாசலில், அம்மா ஒரு பையோடு எதிரே வந்தாள். இருவரும் தாண்டிப் போனார்கள்.

இதையெல்லாம் ஆம்ப்ரோஸிடம் எப்படிச் சொல்வது? அடுத்த ஞாயிறு சொல்லலாம்... அதற்கடுத்த ஞாயிறு...

"எங்கம்மா ஊர்லேர்ந்து வர்றாங்க," என்றான் அவன் ஒரு மாலையில். முகமெல்லாம் பூரிப்பு. "இனிமே என்கூடதான். வர்ற ஞாயித்துக்கிழமை நீ சாப்பிட வரணும். இதுதான்மா அந்தப் பொண்ணுன்னு சொல்லப்போறேன்."

"எந்தப் பொண்ணு?"

"தொப்பி போன பொண்ணு."

அந்த ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை, கடையில் கூட்டம் குறைந்திருந்த மதிய வேளை. லியோண்டின் அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவன் நின்றிருந்தான். பக்கத்தில் ஒரு பெண்மணி. கஞ்சி போட்ட வெள்ளைக் காலர், ஊதாப் பூ வைத்த தொப்பி, மகனின் அதே பெரிய கண்கள்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் சட்டையில் குத்தியிருந்த கடைச் சின்னத்தைப் பார்த்தான். தையல் அறை, பின்பக்கம்... எல்லாம் அந்த ஒரு நொடியில் அவனுக்குப் புரிந்துபோனதை அவள் கண்ணால் கண்டாள்.

அவன் பார்வை தரைக்குப் போயிற்று. டிராமில் போனதுபோலவே.

"எங்கம்மாவுக்கு ஒரு ஜோடி கையுறை வேணும் மேடம்," என்றான்.

காட்டிக்கொடுக்கவில்லை. அவள் மூச்சு திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது. தூண் ஓரமாக வெண்ட் நின்றுகொண்டிருந்தார்.

"சாம்பல் நிறத்துல ஒண்ணு காட்டும்மா," என்றார் டகிள் அம்மாள், கடை முழுவதையும் ஆசையாகப் பார்த்தபடி. "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு ஒரு பொண்ணு வருது. கொஞ்சம் கௌரவமா இருக்கணும்ல?"

சொல்லிக்கொண்டே, மற்றப் பெண்கள் செய்வதைப் பார்த்திருப்பார் போல, முழங்கையை மேஜைமேல் இருந்த வெல்வெட் திண்டில் ஊன்றி, விரல்களை விரித்து நீட்டினார். விற்கிற பெண் ஒவ்வொரு விரலாகக் கையுறையை மாட்டிவிட வேண்டும். அதுதான் வழக்கம். ஆனால் கறுப்பர்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. அவர்கள் வாங்கலாம், போட்டுப் பார்க்கக் கூடாது. எங்கும் எழுதி ஒட்டவில்லை. எல்லோருக்கும் தெரியும். நேற்று வந்த டகிள் அம்மாளுக்குத்தான் தெரியாது.

வெண்ட் ஓர் அடி முன்னால் வைத்தார்.

எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கலாம். 'மன்னிக்கணும், அளவு சொன்னா எடுத்துத் தர்றேன்' என்றிருக்கலாம். பயம் அவள் நாக்கை எடுத்துக்கொண்டது.

"கையை எடு," என்றாள் லியோண்டின். "போட்டுப் பார்க்க முடியாது. நீ வாங்கறதுன்னா வாங்கு. இல்லன்னா வழியை விடு. மத்தவங்க காத்திட்டிருக்காங்க."

யாரும் காத்திருக்கவில்லை.

தன் தாயைவிட மூத்தவளை நீ என்று சொன்ன வாய் அவளுடையதுதானா? தன்னையே கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். ஆம்ப்ரோஸின் தாடை இறுகியது. ஏதாவது பேசுவான், கத்துவான்... கத்தினால்கூட நன்றாக இருக்கும்.

"மேடம் சொல்றது சரிதாம்மா," என்றான் தரையைப் பார்த்தபடியே. "வாங்க, போலாம்."

டகிள் அம்மாள் கையை மெல்ல எடுத்துக்கொண்டார். கோபமில்லை அந்த முகத்தில். கூச்சம்தான் இருந்தது.

"கை சுத்தமாத்தாம்மா இருக்கு," என்றார். "வர்றப்போகூட கழுவிட்டுத்தான் வந்தேன்."

இருவரும் நடந்துபோனார்கள். ஊதாப் பூ கூட்டத்தில் மறைந்தது.

வெண்ட் அருகில் வந்தார். "சபாஷ் மிஸ் மெட்டோயர். இப்படித்தான் இருக்கணும்."

அந்தப் பாராட்டு அவள்மேல் எச்சில்போல வழிந்தது. துடைக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிடப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? முதல் காட்சி முடியும் நேரத்துக்குப் படக் கொட்டகையின் பின்வாசலில் போய் நின்றாள். அவன் வெளியே வந்தான். கழுத்துப் பட்டியைத் தளர்த்தினான். அவளைக் கண்டதும் மறுபடி இறுக்கிக்கொண்டான்.

"பயப்படாதீங்க," என்றான். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க வேலைக்கு ஒண்ணும் வராது."

நீங்க. உங்க.

"அதுக்காக வரல, ஆம்ப்ரோஸ்..."

"வேற எதுக்கு? வெளுத்த தோலை வச்சுப் பொழைக்கறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். நம்மள்ல எத்தனையோ பேர் செய்யறாங்க. முன்னாடியே என்கிட்ட சொல்லியிருந்தா அந்தக் கடைப் பக்கமே வந்திருக்க மாட்டேன்."

"அம்மா... என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. யாரோ வெள்ளைக்காரப் பொண்ணுன்னு நினைச்சுட்டாங்க. அதனால கோவம்கூட வரல அவங்களுக்கு." அவன் கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டான். "வழியெல்லாம் என்னைச் சமாதானப்படுத்திட்டு வந்தாங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன கஷ்டமோ, யார் கண்டான்னு. நேத்துலேர்ந்து என்னால அவங்க முகத்தைப் பார்க்க முடியல."

உள்ளே மணி அடித்தது. அவன் போய்விட்டான்.

அந்த வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எந்தக் கையுறையை எடுத்தாலும் விரித்து நீட்டிய ஐந்து விரல்கள் தெரிந்தன. டகிள் அம்மாள் கோபப்பட்டிருந்தால் இவ்வளவு கூசியிருக்காது. 'என்ன கஷ்டமோ' என்றாராமே... அதுதான் கொன்றது.

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளை. கடைப் பெண்களோடு வாசலில் நின்றிருந்தாள். தூறல். வெண்ட் கதவருகே சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது எதிர்ச் சாரியில் அம்மா வந்தாள். குடை இல்லை. கையில் துவைக்க வாங்கிய கனமான துணி மூட்டை. பார்த்தாள்... உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நடையைக்கூட மாற்றிக்கொண்டாள், யாரோ ஒருத்தியின் நடைபோல.

பெற்றவள், மகளைத் தெரியாமல் இருப்பதற்கு இவ்வளவு பழகிவிட்டாளா?

லியோண்டின் என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. கால்கள் தெருவுக்குள் இறங்கிவிட்டன. ஒரு மோட்டார் வண்டி அலறிக்கொண்டு ஒதுங்கியது.

"அம்மா!"

தெருவே திரும்பியது. அம்மா மட்டும் திரும்பவில்லை. இன்னும் வேகமாக நடந்தாள்.

"அம்மா, நில்லும்மா. மூட்டையைக் குடு."

ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அம்மா கையை உதறினாள். "யாருங்க நீங்க? ஆள் மாறிப் பேசறீங்க," என்றாள் சத்தமாக. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "போயிடு, பைத்தியமே. எல்லாரும் பாக்கறாங்க. போயிடு."

"பார்க்கட்டும். எங்கம்மா நீ."

அம்மாவின் கண்கள் நிறைந்தன. திட்டிக்கொண்டே அவள் மகளின் கையை விடாமல் பற்றினாள். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாள் என்றால், விரல்கள் வலித்தன.

எதிரே கடைப் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். லியோண்டின் கோட்டை எடுக்கத் திரும்பிப் போனபோது அது கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் கிடந்தது. வெண்ட் அவளைப் பார்க்கவில்லை. அவள் அங்கே நிற்கவே இல்லை என்பதுபோல மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிராமில் தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள்.

"இப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்றதாம்?" என்றாள் அம்மா கொஞ்ச தூரம் போனதும்.

"உன்கூட சேர்ந்து துவைக்கறேன்."

"உனக்கு ஒரு கறையும் எடுக்கத் தெரியாது," என்று அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

முப்பத்தைந்தாம் தெருவில் இறங்கியதும் லியோண்டின் சொன்னாள், எல்லாவற்றையும். டிராம்போன்காரனைப் பற்றி, சனிக்கிழமையைப் பற்றி. அம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். அந்த விதியை வகுத்தவள் தான்தானே என்ற எண்ணம் அவள் முகத்தில் ஓடியது.

"போய்ச் சொல்லிட்டு வா," என்றாள் கடைசியில். "நான் வந்தா நீ என் பின்னால ஒளிஞ்சுக்குவே. தனியாப் போ."

ஆம்ப்ரோஸின் வீடு ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேல் மாடியில். படியேறிக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தது டகிள் அம்மாள். உள்ளே ஆம்ப்ரோஸ் காட்சிக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். அப்படியே நின்றான்.

டகிள் அம்மாள் கொஞ்சம் பின்வாங்கினார். "கடைப் பொண்ணுல்ல? என்னம்மா, நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா?"

அந்தக் கேள்வியில் லியோண்டினின் மிச்ச மானமும் போயிற்று.

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா," என்றாள். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வரவேண்டிய பொண்ணு நான்தான். நான் வெள்ளைக்காரி இல்ல. எங்கம்மா ரெண்டு தெரு தள்ளித் துணி துவைக்கறாங்க. வேலை போயிடும்னு பயந்து உங்களை... நீன்னு சொன்னேன். கையை எடுன்னு சொன்னேன். என்னை ரெண்டு அடி அடிச்சீங்கன்னாகூட..."

டகிள் அம்மாள் தன் கையைப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா? அங்க நிக்கறப்பவே?"

ஆம்ப்ரோஸ் பொத்தானைப் போடத் தெரியாதவன்போல விரல்களை வைத்துக்கொண்டு நின்றான். "தெரியும்மா."

"தெரிஞ்சுதான் மேடம் மேடம்னு சொன்னியா?"

"ஆமாம்மா."

அவர் அடுப்புப் பக்கம் போனார்.

"மன்னிச்சிட்டேன்னு இன்னிக்கே சொல்ல என்னால முடியாது," என்றார் டகிள் அம்மாள். "வெள்ளைக்காரி சொன்னான்னு நினைச்சப்போ வலிக்கல. இப்ப வலிக்குது. கொஞ்சம் நாளாகும்." கரண்டியை எடுத்துக்கொண்டார். "அவரைக்கொட்டை வேகற வரைக்கும் நேரம் இருக்கு. ரெண்டு பேரும் பின்னால போய்ப் பேசிட்டு வாங்க. அப்புறம் சாப்பிட்டுட்டுப் போ பொண்ணே. பட்டினியாத்தான் இருந்திருக்கே, முகத்தைப் பார்த்தா தெரியுது."

பின்பக்கத்து மரத் தாழ்வாரம். கீழே சந்தில் யாரோ நனைந்த துணிகளை அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். இருவரும் கைப்பிடியைப் பற்றியபடி, ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"உன்னையும் மாட்டிவிட்டுட்டேன்," என்றாள் அவள்.

"அம்மாகிட்ட நானே சொல்லியிருக்கணும்," என்றான் அவன். "லியோண்டின், உன்மேல கோவம்னுதான் நானும் நினைச்சேன். அது இல்ல. அங்க உன்னைப் பார்த்த உடனே எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? இவ மாட்டிக்கக் கூடாது. அது ஒண்ணுதான். பெத்தவளை அவமானப்படுத்தறாங்க, நான் அம்மா பக்கம் நிக்காம உன் பக்கம் நின்னேன். அந்த வெட்கத்தை எங்க கொண்டுபோய் வைக்கறதுன்னு தெரியல. உன்மேல போட்டேன்."

"ஏன்... ஏன் என் பக்கம் நின்னே?"

"ஏன்னு கேக்கறியே..." அவன் சிரிக்க முயன்று தோற்றான். "டிராம்ல அன்னிக்கு நீ குனியாதீங்கன்னு சொன்னே பாரு, அப்பவே நான் காலி. உன்னை நேசிக்கறேன். அதனாலதான் நின்னேன். அதைச் சொல்லக்கூட எனக்கு இப்ப கூசுது."

மழை வலுத்தது. தகரக் கூரையில் படபடவென்று விழுந்தது. அவள் முகத்தை மறைக்கவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"எனக்கும் எல்லாம் கூசுது, ஆம்ப்ரோஸ்," என்றாள். "நான் பேசினது, பேசாம இருந்தது, என் முகம், என் கை... எதை நினைச்சாலும் கூசுது. உன்னை நேசிக்கறேனே... அதை நினைச்சா மட்டும் கூசல."